ஜெயராணி மில்லின் அடித்தூள்

ஜெயராணிக்குக் கோபம் வந்தால் மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் கத்த வராது. அதனாலேயே கொழும்பில் கொட்டாஞ்சேனை முழுக்க அவளைப் பொறுமைசாலி என்று நம்பிக்கொண்டிருந்தது. மிளகாய் அரைக்கிற மில்லை நடத்துகிறவளுக்கு இழுப்பு நோயா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவளே சொல்லிச் சிரிக்கிற விஷயந்தான். மில் அப்பா விட்டுப்போனது. அண்ணன் ஜீவராஜ் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது "கொஞ்ச நாளைக்கு நீ பார்" என்று சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் கல்யாண வயசு போனது, அம்மா போனாள், தலைமயிரும் வெளுத்துவிட்டது. மேல்மாடியில் வீடு, கீழே மில், ஞாயிற்றுக்கிழமை லூசியாஸ் கோயிலில் பூசை. இவ்வளவுதான் அவளுடைய உலகம்.

மில்லுக்குள் நடுவே ஒரு பலகை மறைப்பு உண்டு. முன்பக்கம் தராசு, மேசை, ஆட்கள் காத்திருக்க ஒரு வாங்கு. பின்பக்கம் இரண்டு மெஷின்கள், ஒன்று தூளுக்கு, மற்றது மாவுக்கு. மறைப்பைத் தாண்டி உள்ளே போனால் ஜெயராணி இருமி இருமிச் சாக வேண்டியதுதான். ஆகவே முன்பக்கம் அவளுடையது, பின்பக்கம் ராக்கம்மாவுடையது.

ராக்கம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரி. புருஷன் செத்துப்போய், ஒரே மகளும் யாரோ ஒரு பையனோடு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பிறகு, "எனக்கு யாருங்க இருக்கா?" என்று ஒரு பையோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தவள். வத்தளையில் ஒரு அறையில் இருப்பதாகச் சொன்னாள். விடிய வருவாள், பொழுதுபட்டால் பஸ் ஏறிப் போய்விடுவாள். ஜெயராணி அந்த அறையை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கப் போகிறது, ஒரு பாய், ஒரு பானை, ஒரு சாமிப்படம் இருக்கும் என்று தானே நினைத்துக்கொண்டாள். தன்னைப் போலவே ஒருத்தி என்று ஒரு முடிவு.

அந்த முடிவில்தான் அவளுக்குத் தெம்பே இருந்தது. ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். பகல் சாப்பாட்டு நேரம் ஒன்றுக்காகத்தான் ஜெயராணி காலையில் கட்டிலை விட்டு எழும்பினாள். மெஷினை நிறுத்திவிட்டு ராக்கம்மா முகங்கழுவி வருவாள். ஜெயராணி கதிரையில், ராக்கம்மா கவிழ்த்துப் போட்ட வாளியில். ஜெயராணியின் மீன்குழம்பில் பாதி அந்தப் பக்கம் போகும், ராக்கம்மாவின் சம்பலில் பாதி இந்தப் பக்கம் வரும். பிறகு கதை. அண்ணன் போன் எடுக்காதது, பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னது, மேல்மாடியில் எலி ஓடினது என்று ஜெயராணி சொல்லிக்கொண்டே இருப்பாள். "ஆமாங்க அக்கா, ஆமாங்க அக்கா" என்று ராக்கம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். கரண்ட் இல்லாமல் நாடே வேர்த்துக் கிடந்த அந்த வருஷத்தில் மெஷின் ஓடாத நேரமெல்லாம் இரண்டு பேரும் மட்டை விசிறியோடு இப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஊரெல்லாம் திட்டிய அந்த வருஷத்தை ஜெயராணி மனசுக்குள் ஒரு நல்ல வருஷமாகத்தான் வைத்திருந்தாள்.

தீபாவளி வந்தால் ராக்கம்மாவை மில்லுக்கு வரச்சொல்லுவாள், வேலைக்கில்லை. பாவம், தனியே ஒரு அறைக்குள் பண்டிகை கொண்டாடி என்ன செய்யப் போகிறாள் என்று ஒரு சேலை எடுத்து வைத்து, பலகாரம் வாங்கி வைத்து, அன்று முழுப்பகலும் கூட இருப்பாள். நத்தாருக்கும் அப்படியே. பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்தே சமைப்பாள். இதெல்லாம் ராக்கம்மாவுக்காகச் செய்வதாகத்தான் அவளுடைய எண்ணம்.

இனி அடித்தூள் கதைக்கு வருகிறேன். மில் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். கொட்டின சாமான் முழுவதும் வெளியே வராது. மெஷினின் வயிற்றில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். மரச்சுத்தியலால் பக்கத்தில் நாலு தட்டுத் தட்டினால் துணிக்குழாய் வழியே வாளிக்குள் விழும். நன்றாகத் தட்டிய பிறகும் ஒரு பிடி நிற்கும், அதைத் துடைத்து எடுக்காவிட்டால் அடுத்தவருடைய தூளோடு கலந்துவிடும். ராக்கம்மா வந்த புதிதில் அந்த ஒரு பிடியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "இத என்னங்க அக்கா செய்ய?" என்று கேட்டாள். அந்த மாதந்தான் அவள் சம்பளம் கூட்டிக் கேட்டு, ஜெயராணி முடியாது என்று சொல்லியிருந்தாள். அந்தக் கூச்சத்தில், "அது ஒருத்தருக்கும் சொந்தமில்லை ராக்கு. அடித்தூள் உனக்கு. நீயே கொண்டு போ" என்றாள். சொல்லும்போது தான் பெரிய தாராளக்காரி என்று ஒரு சந்தோஷமும் வந்தது.

ஆண்டுகள் போயின. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் பலீலா வந்தாள். பலீலா முந்திக் கொட்டாஞ்சேனையில் இருந்தவள், மகன் சட்டத்தரணியாகி வெள்ளவத்தையில் வீடெடுத்த பிறகு அங்கே போய்விட்டாள். போனாலும் நோன்புக்குத் தூள் இடிக்க டின்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறி ஜெயராணியிடந்தான் வருவாள். அன்றைக்குக் கையில் டின் இல்லை. வாங்கில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ராணி, நான் ஒண்டு செல்றேன், கோவிச்சிக்க வாணாம்."

"என்ன பலீலா, உங்களோட நான் எப்ப கோவிச்சனான்?"

"போன கெழம தூள எடுத்துட்டு சந்தி வரைக்கும் போயிட்டேன். டின் மூடிய காணோம். திரும்பி வந்தேன், நீங்க மேல போயீந்தீங்க. உள்ளுக்கு எட்டிப் பாத்தேன். எனக்கு மூணு தட்டுத் தட்டினவ, நான் போனப் பொறகு படார் படார்னு தட்டுறா ராணி. ஒரு தாச்சி நெறய கொட்டுது. ஏலமும் கறுவாவும் போட்டு நான் வறுத்த தூள். அந்த வாசம் எனக்குத் தெரியாதா?"

ஜெயராணி துடைத்த தராசையே திரும்பத் துடைத்தாள். பலீலாவே எழும்பினாள்.

"நான் மத்தவங்க மாதிரி வெளிய செல்ல மாட்டேன். ஆனா மத்தவங்க செல்லிட்டுத்தான் ஈக்காங்க. ஒங்க மில்லுல நிறை குறையுதுன்னு பேச்சு ஈக்கி. அர்ஷாத் கிட்ட ஒருக்கா கேளுங்க. என்ட மகன் ஒங்ககிட்ட பீஸ் எடுக்க மாட்டான்."

மறுநாள் ஜெயராணி மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு மறைப்பின் இடுக்கில் கண்ணை வைத்தாள். பலீலா சொன்னது ஒரு சொல்லும் பிசகவில்லை. ஆள் நிற்கும்போது மெல்ல மூன்று தட்டு. ஆள் போனதும் சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடி. தாச்சிச் சட்டியில் சிவப்பாகக் குவிந்தது. அதை ராக்கம்மா ஒரு பால்மா டின்னில் அள்ளி, மூடி, மாவு மெஷினுக்குப் பின்னால் வைத்தாள். அவசரமே இல்லை, பயமும் இல்லை. தன் வீட்டுக் குசினியில் வேலை செய்கிற மாதிரிச் செய்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு ராக்கம்மா வந்து வாளியில் உட்கார்ந்தாள். "என்னங்க அக்கா, இன்னைக்கு மொகம் ஒரு மாதிரியா இருக்கு? இழுப்பா?" என்று கேட்டு, ஒரு துண்டு கருவாட்டை அவள் தட்டில் வைத்தாள். ஜெயராணிக்கு அழுகை வந்தது. தூள் போனது பெரிதில்லை, ஆட்கள் பேசுவதுகூடப் பெரிதில்லை. இவ்வளவு காலமும் என்னோடிருந்து சாப்பிட்டுக்கொண்டே இதைச் செய்தாளா, அப்படியானால் இந்தச் சாப்பாட்டில் நான் தனியாகவா இருந்தேன் என்ற நினைப்புத்தான் சுட்டது. "ஓம், இழுப்புத்தான்" என்றாள்.

அர்ஷாத்தின் சட்டத்தரணிக் கந்தோர் வெள்ளவத்தையில், காலி ஊருக்குப் போகிற பெருவீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே. படியேறி மேலே வந்ததும் ஜெயராணிக்கு மூச்சு வாங்கியது. அவன் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, அவள் சொன்னதையெல்லாம் பேசாமல் கேட்டான். நல்ல பிள்ளை. சின்ன வயதில் மில் வாங்கில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தவன்.

"ஆன்ட்டி, வழி ஒண்ணில்ல, மூணு நாலு ஈக்கு. பொலிஸுக்குப் போகலாம். வேலைக்காரர் முதலாளிட்ட எடுக்கிறத சட்டம் சாதாரண களவா பாக்கிறதில்ல, பாரமாத்தான் பாக்கும். ஆனா கேஸ் எண்டு போனா இழுக்கும். சின்ன விஷயம் எண்டா மத்தியஸ்த சபையில கதைச்சு முடிக்கச் சொல்லவும் கூடும். இல்லாட்டி உங்கட பாட்டில வேலையால நிப்பாட்டலாம். அதுவும் இண்டைக்குக் கோவம் வந்து நாளைக்குப் போ எண்டு சொல்ல ஏலாது. விளக்கம் கேட்டுக் கடிதம் குடுக்கணும். வெளியாள் ஒருத்தர வச்சு இன்குவரி செய்யணும். அவ பக்கத்தையும் கேக்கணும். இல்லாட்டி நாளைக்கு அவ தொழில் நியாய சபைக்குப் போனா நீங்கதான் நட்டஈடு கட்டணும்."

"கையில பிடிச்சாலுமா?"

"பிடிச்சாலுந்தான். சம்பளத்தில வெட்டவும் வாணாம், பையைப் பறிச்சுத் தேடவும் வாணாம், படம் எடுத்து பேஸ்புக்ல போடவும் வாணாம்."

"சீ, நான் அப்பிடிச் செய்வனா?"

"நீங்க செய்ய மாட்டீங்க ஆன்ட்டி. எல்லாருக்கும் செல்றதத்தான் உங்களுக்கும் செல்றேன்." அவன் பேனையை எடுத்தான். "சரி, இப்ப ஒரு கேள்வி. எடுத்தது ஆருட சாமான்?"

"கஸ்டமருடது."

"உங்கட இல்ல. பரவால்ல, உங்கட பொறுப்பில இருந்தது. எடுக்கச் சொல்லி நீங்க எப்பவாவது அனுமதி குடுத்தீங்களா?"

ஜெயராணி சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள். "அடித்தூள் உனக்கு எண்டு சொன்னனான்" என்றாள்.

அர்ஷாத் பேனையை வைத்துவிட்டான். "அது நீங்க குடுக்கக்கூடிய சாமானா ஆன்ட்டி?"

அடேயப்பா, அவ்வளவு மெதுவாக ஒருவன் ஆளை வெட்ட முடியுமா! இத்தனை ஆண்டும் தான் கொடுத்த தாராளம் பலீலாவின் ஏலமும் கறுவாவும், யார் யாருடையவோ மிளகாயும் மல்லியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொலிஸில் போய் நின்றால் ராக்கம்மா முதல் வாயிலேயே "அக்காதான் எடுத்துக்கச் சொன்னாங்க" என்பாள். பொய்யும் இல்லை. ஒரு பிடிக்குக் கொடுத்த அனுமதி ஒரு தாச்சிக்கும் செல்லுமா என்று அப்புறம் சட்டத்தரணிமார் வாதாடட்டும்.

"ஆகவே பொலிஸ் வாணாம்" என்றான் அர்ஷாத். "இன்குவரி வச்சு, அனுமதிய மீறினா எண்டு பிடிப்பம். கடிதத்த நான் அடிச்சுத் தாறேன். உங்கட பக்கத்தில ஆராவது ஒருத்தர் நிக்கணும் ஆன்ட்டி, சாட்சிக்கு, துணைக்கு. வீட்டு ஆள் ஆராவது ஈக்கா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு ஆள். ஜீவராஜ் நத்தாருக்கு ஒருமுறை கதைப்பான், அதுவும் தோளில் போனை இடுக்கிக்கொண்டு வேறேதோ வேலை செய்தபடி. கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகுடுக்கிற முகங்கள் உண்டு, மில் வேலைக்கு வா என்றால் வருகிற முகம் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது யார், ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தது யார் என்று எண்ணிப்பார்த்தாள். கடைசியில் தன் பக்கம் நிற்கக்கூடிய ஒரே ஆள், யாருக்கு எதிராகக் கடிதம் அடிக்கப்படுகிறதோ அந்த ஆளாகவே இருந்தாள். புறக்கோட்டையில் பஸ் மாறும்போது பக்கத்தில் இருந்த மனுஷி, "ஏன் அழுறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாள். தூசி என்று ஜெயராணியும் சிங்களத்திலேயே சொல்லி இறங்கிவிட்டாள்.

கடிதத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாள். சாப்பாட்டுக்கு முன்னம் கொடுக்க மனம் வரவில்லை, சாப்பிட்டுக் கை கழுவியபிறகு நீட்டினாள்.

"என்னங்க அக்கா இது?"

"வாசிச்சுப் பார்."

"நமக்கு எங்கீங்க அக்கா இவ்வளவு எழுத்து கூட்ட வரும்? நீங்களே வாசிங்க."

பாருங்கள் கூத்தை. குற்றஞ்சாட்டுகிறவளே குற்றஞ்சாட்டப்பட்டவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. "தாங்கள் எமது நிறுவனத்தில் கடமையாற்றுங்கால், வாடிக்கையாளர்களுக்குச் சொந்தமான பொருட்களை" என்று தொடங்கியபோது "எமது நிறுவனம்" என்ற இடத்திலேயே ஜெயராணி நிறுத்தி மில்லைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு மெஷினும் ஒரு தராசுந்தான் நிறுவனம். ராக்கம்மா கைகட்டி நின்று கேட்டாள். விளங்க விளங்க முகம் கறுத்துப்போனது. கடைசியில், "ஞாயித்துக்கெழம வரணுமாங்க?" என்றாள். "அடுத்த ஞாயிறு. அதுவரைக்கும் சம்பளத்தோட லீவு" என்றாள் ஜெயராணி. ராக்கம்மா தன் சாப்பாட்டுச் சட்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

அந்தக் கிழமையை ஜெயராணி எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். துவாயைக் கட்டிக்கொண்டு தானே மாவு மெஷினை ஓட்டினாள். தூளுக்கு வந்தவர்களை ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினாள். பகலில் கதிரையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்து, "ராக்கு, இந்த மீன் பழசு போல" என்று சத்தமாகச் சொன்னாள். சொன்னபிறகுதான் வாளி வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டது. மிச்சத்தைப் பூனைக்கு வைத்துவிட்டு மேலே போய்ப் படுத்தாள். ஒருநாள் பொலிஸ் வாசல்வரை நடந்தாள், ஒரு முறைப்பாட்டு என்ட்ரியாவது போட்டு வைப்போம் என்று. எதிர்ப்பக்கத்தில் நின்று வாசலைப் பார்த்தாள். உள்ளே போய் என்ன சொல்வது? என்னோடு சாப்பிடுகிறவள் என்னை ஏமாற்றிவிட்டாள் என்றா? திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை இரவு மனசு ஒரு முடிவுக்கு வந்தது. போகட்டும். இனி அடித்தூள் சாமான் கொண்டுவருகிற ஆட்களுக்கே, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிடலாம், ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். திங்கட்கிழமை ராக்கு வேலைக்கு வரட்டும். முடிவு வந்ததும் அந்தக் கிழமையில் முதல்முறையாக நித்திரையும் வந்தது. சனிக்கிழமை சந்தைக்குப் போய்த் திங்கட்கிழமைச் சமையலுக்கு நல்ல அறக்குளா மீன் ஒரு துண்டு வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள், இரண்டு பேருக்குப் போதுமானதாக.

விசாரிக்க வந்தவர் நோபேட் அங்கிள். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், கப்பல் கம்பனி ஒன்றில் ஊழியர் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். அர்ஷாத் வெளியாள் தேடியபோது கிடைத்த ஆள். எத்தனையோ ஆண்டுக்குப் பிறகு ஒரு விசாரணை கிடைத்த சந்தோஷத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, தராசைத் தள்ளிவைத்துவிட்டு மேசையில் தாள்களைப் பரப்பினார். ஜெயராணி அவர் காதருகே குனிந்து, "அங்கிள், எச்சரிக்கை எண்டு முடிச்சு விடுவம்" என்றாள்.

"அதுக்கும் ஒரு முறை இருக்கு ராணி. முதல்ல கேப்பம்" என்றார் அவர்.

வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கினாள், ஒரு ஆண்பிள்ளை இறங்கினான், இரண்டு சிறுமிகள் இறங்கினார்கள். பின்னால் இன்னொரு ஓட்டோ, அதில் ஒரு கிழவரும் இரண்டு பெண்களும். எல்லாரும் மில்லைப் பார்த்து வந்தார்கள். ஜெயராணி அவசரமாக எழும்பிப் போய், "இண்டைக்கு மில் பூட்டு, அரைக்கிறேல்லை" என்றாள்.

"நாங்க அரைக்க வரலைங்க" என்றாள் அந்த இளம்பெண். அவளுக்குப் பின்னால் இருந்து ராக்கம்மா வெளியே வந்தாள். ஜெயராணி தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த சேலைதான் உடுத்தியிருந்தாள்.

வாங்கு நிறைந்துவிட்டது. மிச்சப்பேர் சுவரோரம் நின்றார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஜெயராணி ஒருத்தி. நோபேட் அங்கிள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இவர்களெல்லாம் யார்?" என்று ராக்கம்மாவைக் கேட்டார்.

"மக நிஷாந்தினிங்க. மருமகன். பேத்திங்க. அவரு சம்பந்தி. இவங்க வீட்டுப் பக்கத்து ஆளுங்க. வேணான்னு சொன்னேன், கேக்கல, வந்துட்டாங்க."

"உன்ட மகளா?" என்றாள் ஜெயராணி. "மகளோட கதை பேச்சில்லை எண்டனீ?"

ராக்கம்மா நிலத்தைப் பார்த்தாள். விசாரணையில் நடுவே புகுந்து கேட்கக்கூடாது என்று அங்கிள் கையைக் காட்டிவிட்டு, தூளைப் பற்றிக் கேட்டார். ராக்கம்மா மறைக்கவில்லை.

"எடுத்தேங்க. அக்கா அடித்தூள எடுத்துக்கச் சொன்னாங்க. ஆனா அவங்க சொன்னது அவ்வளவு இல்ல, அது எனக்குத் தெரியுங்க. மக சோத்துப் பார்சல் போட்டு விக்கிது. மொதல்ல கையில காசில்ல. கொஞ்சம் கொஞ்சமா கூடிப்போச்சு. தப்புத்தாங்க."

அங்கிள் எழுதினார். இவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய விசாரணை. ஜெயராணியால் விட முடியவில்லை. "எப்ப தொட்டு மகள் உன்னோட?" என்றாள். "வத்தளையில ஒரு அறை எண்டனீ. யாருமில்லை எண்டனீ. ஏன் ராக்கு எனக்குச் சொல்லேல்லை?"

நிஷாந்தினிக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவைக் கள்ளி என்று ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிற கொதிப்பு அவளுக்கு.

"எப்புடிங்க சொல்லும்? நீங்க யாருமில்லாத மனுஷின்னுதானே எங்கம்மா வாயத் தொறக்கல! ஒவ்வொரு தீவாளிக்கும் எங்கள வுட்டுட்டு, புள்ளைங்க அம்மாயி எங்க அம்மாயி எங்கன்னு அழுவ அழுவ, இங்க வந்து ஒங்க கூட ஒக்காந்துச்சே! நத்தாருக்கு இங்க ஒரு சோறு, வீட்டுக்கு வந்து எங்களுக்காவ இன்னொரு சோறு! தனியா இருக்காங்க நிஷா, பாவம், பாவம்ன்னு..."

"வாய மூடுடி!" என்று ராக்கம்மா கத்தினாள். அவள் கத்தி ஜெயராணி கேட்டதே இல்லை. பிறகு ஜெயராணியைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். "மக கைப்புள்ளையோட திரும்பி வந்த அன்னைக்கே ஒங்ககிட்ட சொல்லணும்னுதாங்க அக்கா ஓடியாந்தேன். அன்னைக்கு ஒங்க அண்ணன் இனிமே ஊருக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாருன்னு நீங்க அழுதுகிட்டு இருந்தீங்க. நமக்கு நாம ரெண்டு பேருந்தான் ராக்குன்னு எங்கையப் புடிச்சீங்க. அப்பறம் எப்புடிங்க சொல்ல?"

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் ஜெயராணியைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் கோபம் இல்லை. சம்பந்திக் கிழவர்கூட ஐயோ பாவம் என்ற மாதிரித் தலையை ஆட்டினார். அவர்களுக்கெல்லாம் அவளை ஏற்கெனவே தெரிந்திருந்தது. எத்தனையோ இரவு அந்த வீட்டில் சோறு தின்றுகொண்டே அவளைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். மேல்மாடி எலியும் போன் எடுக்காத அண்ணனும் அங்கே எல்லாருக்கும் தெரியும். தனக்காக இரங்க ஒரு வீடே இருந்திருக்கிறது, தன்னோடு சேர்ந்து தனியாக இருக்கத்தான் ஒருத்தியும் இருந்ததில்லை. ஜெயராணிக்கு முகம் காந்தியது. மூச்சு இழுத்தது. கோபமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை, வெட்கந்தான் கூடுதல்.

நோபேட் அங்கிளுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. அவர் தாளைப் பார்த்தபடி, "ஆள் ஒப்புக்கொண்டாச்சு, வருத்தமும் தெரிவிச்சாச்சு. அப்ப நாங்க கதைச்ச மாதிரியே எச்சரிக்கை எண்டு பரிந்துரை எழுதட்டா ராணி?" என்றார்.

"இல்லை. வேலையால நிப்பாட்டுங்கோ."

அங்கிள் நிமிர்ந்தார். "நீர்தானே சொன்னனீர்..."

"நிப்பாட்டுங்கோ அங்கிள்."

"சரி. அப்பிடியெண்டா காரணம் வடிவா எழுதவேணும். பிறகு தொழில் நியாய சபையில கேட்டா சொல்லவேணுமே. என்னெண்டு எழுத?"

ஜெயராணி ராக்கம்மாவைப் பார்த்தாள். ராக்கம்மாவும் அவளைப் பார்த்தாள். காரணம் தூள் இல்லை என்பது அந்த இடத்தில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். தூளுக்கு மன்னிப்பு வியாழக்கிழமையே முடிந்த காரியம்.

"களவு எண்டே எழுதுங்கோ" என்றாள் ஜெயராணி.

அங்கிள் எழுதி, உரக்க வாசித்து, ராக்கம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். நிஷாந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், புருஷன் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். சிறுமிகள் ஓட்டோவில் முன்னால் யார் இருப்பது என்று சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ராக்கம்மா மட்டும் வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு யாருங்க அக்கா உள்ள நிப்பா? ஒங்களுக்கு தூசி ஆவாதே."

ஜெயராணி தராசைத் தூக்கித் திரும்ப மேசை நடுவில் வைத்தாள். மூச்சு வந்து சேர ஒரு கணம் எடுத்தது.

"எனக்கு ஆக்கள் இருக்கினம்" என்றாள். "நீ போ."